பூட்டியாச்சு, பாத்தாச்சு

கலாமணி மேஸ்திரிகிட்ட சீடனாப் போய்ச் சேர்ந்தப்ப நாச்சிமுத்துவுக்கு வயசு அம்பத்தொண்ணு. மேஸ்திரிக்கு முப்பத்தஞ்சு.

பொள்ளாச்சியில இருந்து வால்பாறைக்குப் போற ரோட்டுல, ரெண்டு தென்னந்தோப்புக்கு நடுவுல, தகரக் கொட்டகை போட்ட கார் பட்டறை. மேஸ்திரியும், கூட வேலை பாக்கற அபுதாகிரும் ரெண்டே பேருதான். மூணாவதா இவரு. இருபத்தேழு வருசம் வேலை பார்த்த நூல் மில்லை இழுத்து மூடினதும், வீட்டுல சும்மா உக்கார முடியாம, தொழில் கத்துக்குடுங்கன்னு வந்து நின்னாரு. மேஸ்திரி அவரு கையை வாங்கித் திருப்பிப் பார்த்தாங்க. நூல் முடிஞ்சு முடிஞ்சு தழும்பேறின விரல். நாளைக்கு வாங்கன்னாங்க. தீட்சை அவ்வளவுதான்.

அவரு மேஸ்திரின்னு கூப்பிடுவாரு. அவங்க அண்ணான்னு கூப்பிடுவாங்க. அபுதாகிருக்கு அவங்க அக்கா. வர்றவங்களுக்கு யாரு குரு, யாரு சீடன்னு குழம்பும். இவங்களுக்குக் குழம்பலை.

நாச்சிமுத்துவுக்குக் கை மெதுவாத்தான் பழகுச்சு. வாய் வர்றப்பவே பழகித்தான் வந்திருந்துச்சு. மில்லுல இருந்த காலத்துல கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் நோம்பின்னு எங்க மைக்கைக் குடுத்தாலும் விடமாட்டாரு. சூப்பர்வைசர் இருமல், கண்டக்டர் விசில், கன்னு போடற எருமை, எல்லாம் அந்த ஒரே தொண்டைக்குள்ள குடியிருந்துச்சு. பட்டறைக்கு வந்த மூணாம் மாசம், ஸ்டார்ட் ஆகாத டீசல் வண்டி விக்கி விக்கி இழுக்கறதை, வண்டிக்கு அடியில வேலை பாக்கற குழிக்குள்ள நின்னு தொண்டையிலயே செஞ்சாரு. அபுதாகிர் வேற பேட்டரியைத் தூக்கிக்கிட்டே வந்துட்டாரு.

அந்தப் பட்டறையில ஒரே ஒரு சட்டம்.

ஆயில் மாத்தற வண்டியைக் குழி மேல நிறுத்துவாங்க. அடியில நிக்கறவரு பழைய ஆயிலை வடிச்சுட்டு, நட்டை முறுக்கிட்டு, 'பூட்டியாச்சு'ன்னு குரல் குடுக்கணும். வேற ஒருத்தர் குழிக்குள்ள இறங்கி, கண்ணால பார்த்து, கையால தொட்டு, 'பாத்தாச்சு'ன்னு சொல்லணும். அதுக்கப்புறம்தான் மேல நிக்கறவரு புது ஆயில் டப்பாவோட மூடியைத் திருகலாம். பூட்டினவரே பாத்தாச்சுன்னு சொல்லக்கூடாது. மத்ததுக்கெல்லாம் மேஸ்திரி விட்டுக்குடுப்பாங்க. இதுக்கு விடமாட்டாங்க.

பெரும்பாலும் இறங்கிப் பாக்கறது அவங்கதான். அவங்க பாத்தாச்சு சொல்றதுல ஒரு தனி ராகம். 'பா'வுக்குக் கொஞ்சம் மூக்கு. 'த்தா'வுக்கு ஒரு அழுத்து. 'ச்சு' வந்தா வந்துச்சு, வராட்டிப் போச்சு. அப்படி ஒரு குரல் தினமும் காதுல விழுந்தா நாச்சிமுத்து விடுவாரா?

ஒருநாள் டீ நேரத்துல ரெண்டு குரலையும் அவரே போட்டாரு. பூட்டியாச்சுன்னு தன் குரல். அடுத்த மூச்சுல பாத்தாச்சுன்னு மேஸ்திரி குரல். அபுதாகிருக்கு டீ மூக்குல ஏறிருச்சு. திரும்பிப் பார்த்தா, மேஸ்திரி பின்னாலயே நிக்கறாங்க.

"எப்படிங்க இருக்குது?"

"நல்லா இருக்குதுங்ணா. ஒண்ணே ஒண்ணு விட்டுப்போச்சு."

"எதுங்க?"

மேஸ்திரி டம்ளரைக் கழுவிக் கவுத்து வெச்சுட்டு வேலைக்குப் போயிட்டாங்க.

அன்னைக்குப் புடிச்சது கிறுக்கு. மூக்கு பத்தலையா, அழுத்து கூடிப்போச்சா? பஸ்ஸுல ஜன்னல் பக்கம் உக்காந்துக்கிட்டுச் சொல்லிப் பார்த்தாரு. குளிக்கறப்ப சொல்லிப் பார்த்தாரு. அவரு வீட்டம்மா, எதைப் பார்த்தாச்சு, எதைப் பார்த்தாச்சுன்னு கேட்டுச் சலிச்சு, கடைசியில கேக்கறதையே விட்டுட்டாங்க.

அந்த வாரத்துலயே நாச்சிமுத்து கையைச் சுட்டுக்கிட்டாரு. ஆயிலை வடிக்கற ட்ரெய்ன் நட்டைக் கழட்டறப்ப கடைசிச் சுத்துல விரல் பின்னாடி வரணும். அவருக்கு வரலை. சுடு ஆயில் முழங்கை வரைக்கும் இறங்குச்சு. நட்டு, ஆயில் ட்ரேக்குள்ள முங்கிப்போச்சு. மருந்து தடவிக்கிட்டு ஸ்பேர்ஸ் கடைக்குப் போனவரு, திரும்பி வர்றப்ப கையில ஒரு சாமானோட வந்தாரு.

பித்தளையில ஒரு குட்டிக் குழாய். கடைக்காரரு அதுக்குக் குயிக் ட்ரெய்ன்னு பேரு சொன்னாராம். நட்டு இருக்கற இடத்துல ஒரு தடவை இதை முறுக்கி வெச்சுட்டா, அப்புறம் ஸ்பேனரே வேண்டாம். கைப்பிடியைத் தூக்கித் திருப்பினா ஆயில் வடியும். மறுபடி திருப்பினா மூடிக்கும். மூடினதும் கைப்பிடி ஒரு சின்னப் பள்ளத்துல டக்குனு உக்காரும். உக்காந்தது எந்திரிக்காம இருக்க, மேல ஒரு கிளிப்பு. அது, பொம்பளைங்க தலையில குத்தற ஊசி அளவுதான்.

"மேஸ்திரி, இத்தனை வசதி வந்த பொறவு நாம எதுக்குங்க இன்னும் நட்டோட மல்லுக்கட்டிக்கிட்டு இருக்கறோம்?"

மேஸ்திரி குழாயை வாங்கினாங்க. கைப்பிடியைத் தூக்கித் திருப்பி, மூடி, விட்டாங்க. டக். இன்னொரு தடவை. டக்.

"நல்ல சாமானுங்ணா. ஒரு வண்டியில போடுங்க."

"உங்களுக்கு என்ன தோணுதுங்க?"

"போட்டுட்டு வந்து நீங்க சொல்லுங்க."

அந்த ஒரு வண்டி, புதன்கிழமை காலையில வந்துச்சு.

லூர்துவோட வெள்ளை டாக்சி. லூர்து வால்பாறைக்காரரு. பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில பிரசவம் ஆகி, சொந்தக்காரங்க வீட்டுல நாப்பது நாள் இருந்த மகளையும் பேத்தியையும் எஸ்டேட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போறாரு. மலை ஏறறதுக்கு முன்னாடி ஆயிலை மாத்திக்கலாம்னு வந்தவரோட வண்டியில ட்ரெய்ன் நட்டோட தலை மழுங்கிக் கிடந்துச்சு. இனி எப்படியும் வேற போடணும். நாச்சிமுத்து குழாயைக் காட்டினாரு. லூர்து சரின்னுட்டாரு.

மகளும் குழந்தையும் தென்னை நிழல்ல பெஞ்சுல உக்காந்திருந்தாங்க. குழந்தை ராத்திரியெல்லாம் அழுதுட்டு அப்பத்தான் கண்ணசந்துச்சு. அது எந்திரிக்கறதுக்குள்ள கிளம்பணும்னு லூர்துவுக்கு அவசரம். எல்லாரும் மெதுவாப் பேசுங்கன்னு கையாலயே சொன்னாரு. மேஸ்திரி ஒரு பேரிங்கைத் தூக்கிக்கிட்டுப் பின்னால இருக்கற லேத்துப் பட்டறைக்குப் போயிருந்தாங்க. அபுதாகிர் பானெட்டைத் தூக்கி, அதுக்குப் பின்னால டப்பாவோட நின்னாரு.

குழிக்குள்ள நாச்சிமுத்து பழைய ஆயிலை வடிச்சாரு. குழாயை முறுக்கினாரு. கைப்பிடியைத் திருப்பி மூடினாரு. கிளிப்பு, ஆயில் கையில வழுக்கிக் குழிக்குள்ள விழுந்துரக்கூடாதுன்னு முன்னாடியே சட்டைப் பாக்கெட்டுல போட்டு வெச்சிருந்தாரு.

பூட்டியாச்சுன்னு மெதுவாச் சொன்னாரு.

பதில் இல்லை. மேஸ்திரி இன்னும் லேத்துல இருந்து வரலை. குழி ஓரமா லூர்துவோட செருப்பு அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குது. கையில சாவிக்கொத்து கிலுகிலுங்குது. குழந்தை தூக்கத்துல ஒரு விக்கல் விக்குச்சு. செருப்பு நின்னுபோச்சு.

நாச்சிமுத்துவுக்கு வாய் அரிச்சுது.

'பா'வுக்குக் கொஞ்சம் மூக்கு. 'த்தா'வுக்கு ஒரு அழுத்து. பாத்தாச்சு.

மேல அபுதாகிர் டப்பா மூடியைத் திருகற சத்தம் கேட்டுச்சு. ஆயில் குளுக் குளுக்குன்னு இறங்குச்சு. அடியில ஒரு பொட்டு ஒழுகலை. பாரு, நாம மூடினது மூடினதுதான்னு நாச்சிமுத்துவுக்கு ஒரு நிம்மதி. வண்டி கிளம்பிப்போச்சு. லேத்துல இருந்து வந்த மேஸ்திரிக்கு லூர்து ஜன்னல் வழியாக் கும்பிடு போட்டுட்டுப் போனாரு. அபுதாகிர் இறங்கிப் பாத்திருப்பாருன்னு மேஸ்திரி நினைச்சாங்க. மேஸ்திரி பாத்துட்டுத் திரும்பவும் லேத்துக்குப் போயிட்டாங்கன்னு அபுதாகிர் நினைச்சாரு.

டீ வந்துச்சு. நாச்சிமுத்து பீடிக்குத் தீப்பெட்டியைத் தேடிப் பாக்கெட்டுக்குள்ள கையை விட்டாரு.

விரல்ல கிளிப்பு குத்துச்சு.

வெளிய எடுத்து உள்ளங்கையில வெச்சுப் பார்த்தாரு. சரி, கிளிப்பு இல்லாட்டிப் போகுது, கைப்பிடி பள்ளத்துல உக்காந்திருந்தா அது பாட்டுக்கு நிக்கும். உக்காந்துச்சா? கண்ணை மூடிக்கிட்டு யோசிச்சாரு. ஒரு தடவை காதுல விழுந்த சத்தத்தை அவரு மறந்ததே இல்லை. லூர்து செருப்பு வந்துச்சு. சாவிக்கொத்து வந்துச்சு. குழந்தை விக்கல் வந்துச்சு. டப்பா மூடி வந்துச்சு. எல்லாம் வரிசையா வந்துச்சு.

டக் மட்டும் வரலை.

அந்த நேரத்துல காது வேற குரலைத் தேடிக்கிட்டு இருந்துச்சே.

டீயை அப்படியே வெச்சுட்டு மேஸ்திரி முன்னாடி போய்க் கையை நீட்டினாரு. மேஸ்திரி கிளிப்பைப் பார்த்தாங்க, சுவத்துல கடிகாரத்தைப் பார்த்தாங்க. வண்டி போய் நாப்பது நிமிஷம். லூர்துவுக்குப் போன் போட்டாங்க. தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார்னு ஒரு பொம்பளை சொல்லுச்சு. மறுபடி போட்டாங்க. அதே பொம்பளை.

"கைப்பிடி உக்காந்துச்சுங்களாண்ணா?"

"தெரியலீங்க."

அபுதாகிர் கிட்ட வந்தாரு. என்ன பிரச்சினைன்னு அவருக்குப் புரியலை. அதுதான் நீங்க இறங்கிப் பாத்தீங்களே அக்கான்னாரு.

"நானா?"

"பாத்தாச்சுன்னீங்களேக்கா. என் காதால கேட்டனே. கேட்டுத்தானே டப்பாவைத் தொறந்தேன்."

மேஸ்திரி அபுதாகிரைப் பார்த்தாங்க. அப்புறம் நாச்சிமுத்துவைப் பார்த்தாங்க. நாச்சிமுத்து கிளிப்பைப் பார்த்தாரு.

மேஸ்திரி ஒரு ஆயில் டப்பாவைப் பைக் பையில போட்டாங்க. பைக் சாவியை எடுத்தாங்க.

பின்னால உக்காந்துக்கிட்டுப் போறப்ப நாச்சிமுத்துவுக்கு மனசுக்குள்ள ஒரே கணக்கு. கைப்பிடி உக்காரலைன்னா, வண்டி ஆடற ஆட்டத்துல கொஞ்சம் கொஞ்சமாத் திரும்பும். திரும்பினா ஆயில் ஒழுகும். ஆயில் மொத்தமும் போனா எஞ்சின் புடிச்சுக்கிட்டு நின்னுரும். சமதரையில புடிச்சா ஓரங்கட்டிக்கலாம். மலையில, கொண்டை ஊசி வளைவுல, ஏறிக்கிட்டு இருக்கறப்ப புடிச்சா? வண்டி பின்னால உருளும். பின் சீட்டுல நாப்பது நாள் குழந்தை. அது பேரைக்கூட அவரு கேட்டுக்கலை.

மேஸ்திரிகிட்டச் சொல்லிடணும்னு வாயைத் தொறந்தாரு. காத்து வந்து நிரப்புச்சு. ஆழியாறு வர்றதுக்குள்ள நாலு தடவை தொறந்திருப்பாரு. எந்தக் குரல்ல சொல்றதுன்னு தெரியலை. சூப்பர்வைசர் குரல் வந்துச்சு, கண்டக்டர் குரல் வந்துச்சு, டீசல் வண்டி விக்கறதுகூட வந்துச்சு. தன் குரல் எங்கயோ ஒளிஞ்சுக்கிச்சு.

செக்போஸ்ட்டுல மேஸ்திரி பைக்கை நிறுத்திக் கேட்டாங்க. வெள்ளை டாக்சி, கைக்குழந்தை. நோட்டுல நம்பர் எழுதற வனக்காவலரு, வரிசை நின்னுச்சு, இப்பத்தான் விட்டேன், கால் மணி நேரம்கூட ஆகலைன்னாரு. நீங்களும் சொந்தக்காரங்களான்னு கேட்டாரு. மேஸ்திரி ஆமான்னாங்க.

மலை ஆரம்பிச்சுது. மேஸ்திரி வேகத்தைக் குறைச்சாங்க. ரோட்டைப் பாருங்கன்னு மட்டும் சொன்னாங்க.

ரெண்டாவது வளைவுல கறுப்பா ஒரு கறை. மேஸ்திரி இறங்கி, விரலால தொட்டு, மோந்து பார்த்தாங்க. லாரிங்ணா, பழசுன்னாங்க. மூணாவது வளைவுல ஒண்ணும் இல்லை. நாலு, அஞ்சு, ஒண்ணும் இல்லை. நாச்சிமுத்துவுக்கு மூச்சு கொஞ்சம் இறங்குச்சு.

"சொட்டு ஒண்ணுகூட இல்லீங்க மேஸ்திரி. அப்ப ஒண்ணும் ஆகலைன்னுதானுங்களே அர்த்தம்?"

"கீழ நாம வேகமா வந்தமுங்ணா. அங்கயே ஊத்தி முடிஞ்சிருந்தா இங்க எப்படி இருக்கும்?"

இறங்கின மூச்சு மறுபடி ஏறிக்கிச்சு.

ஏழாவது வளைவுல, ரோட்டு நடுவுல, வெயில்ல பளபளன்னு ஒரு சொட்டு. மேஸ்திரி இறங்கலை. பைக்கைச் சாய்ச்சு, குனிஞ்சு பார்த்தாங்க. கறுப்பு இல்லை. தேன் நிறம். புது ஆயில்.

மேஸ்திரி ஆக்சிலேட்டரைத் திருகினாங்க.

எட்டாவது வளைவுக்கு முன்னாடி இன்னொரு சொட்டு. வளைவுலயே மூணு. மூணையும் தாண்டி ஒரு கோடு மாதிரி ரெண்டு விரக்கடை நீளத்துக்கு. மேலிருந்து இறங்கி வந்த பஸ்ஸு அதை மிதிச்சுக்கிட்டுப் போச்சு. நாச்சிமுத்து கிளிப்பை எவ்வளவு இறுக்கிப் புடிச்சிருந்தாருன்னா, அப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்தத் தடம் கையில இருந்துச்சு.

ஒம்பதாவது வளைவு. அங்க வண்டிங்க ஒதுங்கி நிக்கறதுக்குக் கொஞ்சம் இடம் உண்டு. கீழ ஆழியாறு அணை ஒரு தட்டு மாதிரித் தெரியும். அந்தத் திட்டோரமா வெள்ளை டாக்சி நிக்குது.

ஒரு நொடி நாச்சிமுத்துவுக்கு ஒண்ணும் தெரியலை. அப்புறம் மகள் தெரிஞ்சாங்க. குழந்தையைத் தோள்ல போட்டுத் தட்டிக்கிட்டு, மேல பாறையில நிக்கற வரையாட்டைக் காட்டிக்கிட்டு நின்னாங்க. குழந்தை வாந்தி எடுத்துச்சாம். தொடைச்சு விடலாம்னு நிறுத்தினாங்களாம்.

லூர்து ஓடி வந்தாரு. செல்லை மறந்து வெச்சுட்டு வந்துட்டமான்னு கேட்டாரு.

ஒரு கிளிப்பு விட்டுப்போச்சுங்க, ரெண்டு நிமிஷம்னாங்க மேஸ்திரி. வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டிருக்கான்னு பார்த்தாங்க. பின் சக்கரத்துக்கு ஒரு கல்லு வெச்சாங்க. அப்புறம் நாச்சிமுத்துவைப் பார்த்தாங்க.

நாச்சிமுத்து மல்லாக்கப் படுத்து, ரோட்டுல முதுகைத் தேய்ச்சுக்கிட்டு அடியில போனாரு. சைலென்சர் அனல் மூஞ்சியில அடிச்சுது. செல்லு வெளிச்சத்தைப் புடிச்சாரு.

கைப்பிடி பள்ளத்துல இல்லை. பள்ளத்தோட உதட்டுல ஏறி, ஒரு நெல்லு அகலத்துக்குத் திரும்பி நின்னுச்சு. குழாய் வாயில ஒரு சொட்டு தொங்கிக்கிட்டு இருந்துச்சு. அவரு பார்க்கப் பார்க்க அது பெருசாகி, அறுந்து, அவரு கன்னத்துல விழுந்துச்சு. சூடு.

கைப்பிடியைத் திருப்பி விட்டாரு. டக். அந்தச் சத்தத்தைக் கேட்டுட்டு ஒரு நிமிஷம் அப்படியே கிடந்தாரு. அப்புறம் கிளிப்பை மாட்டினாரு.

"பூட்டியாச்சு."

பதில் இல்லை.

கேட்டிருக்காதுன்னு நினைச்சுக் கொஞ்சம் சத்தமாச் சொன்னாரு.

"பூட்டியாச்சுங்க."

மேஸ்திரியோட செருப்பு கண்ணுக்கு முன்னாடிதான் நிக்குது. அசையலை. லூர்து, முடிஞ்சுதுங்களான்னு யாரையோ கேட்டாரு.

"மேஸ்திரி, பாத்தாச்சுன்னு சொல்லுங்க. இவங்க கிளம்பட்டும்."

"அதுதான் காலையிலயே சொல்லிட்டனாமேங்ணா."

குரல்ல கோபம் இல்லை. இருந்திருந்தா நாச்சிமுத்துவுக்குச் சௌரியமா இருந்திருக்கும்.

மேல எங்கயோ வரையாடு ஒரு கல்லை உருட்டி விட்டுச்சு. அது உருண்டு, உருண்டு, நின்னுச்சு. வண்டிக்கு அடியில, மூஞ்சிக்கு மேல நாலு விரக்கடையில எஞ்சினை வெச்சுக்கிட்டு, நாச்சிமுத்து ஒளிஞ்சிருந்த குரலைத் தேடிப் புடிச்சாரு. ரொம்ப நாளாப் புழங்காத குரல். கரகரன்னு வந்துச்சு.

"காலையில சொன்னது நானுங்க. நீங்க இல்லீங்க."

செருப்பு அசைஞ்சுது.

ஒரு செருப்பைக் கழட்டற சத்தம். இன்னொண்ணு. முட்டி தார்ல ஊணற சத்தம். அப்பான்னு ஒரு சின்ன முனகல், அவங்களுக்கு அந்த முட்டியில ஏற்கனவே வலி. வளையல் ரோட்டுல உரசுச்சு. துப்பட்டாவைச் சுருட்டி இடுப்புல செருகினாங்க. எண்ணெய் தேய்ச்ச தலை ஒண்ணு வண்டிக்கு அடியில வந்துச்சு. வெளிச்சத்தைக் கொஞ்சம் இப்படிக் காட்டுங்கங்கற மாதிரி ஒரு விரல் அசைஞ்சுது. அவரு காட்டினாரு. அவங்க பார்த்தாங்க. பஸ் ஒண்ணு கீழ வளைவுல ஹாரன் அடிச்சு, மேல ஏறி, இவங்களைத் தாண்டி, அடுத்த வளைவுல ஹாரன் அடிச்சுது. அவங்க இன்னும் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. விரலை நீட்டிக் கைப்பிடியை அமுக்கினாங்க. கிளிப்பை நகத்தால ஒரு இழுப்பு இழுத்தாங்க. வரலை. குழாய்க்கு அடியில உள்ளங்கையை வெச்சுக்கிட்டுக் காத்திருந்தாங்க. கையைத் திருப்பிப் பார்த்தாங்க. காய்ஞ்சு இருந்துச்சு.

"பாத்தாச்சு."

மேஸ்திரி எந்திரிச்சு, டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்தாங்க. கோட்டை விட்டு ஒரு இம்மிதான் இறங்கியிருந்துச்சு. பைக் பையில கொண்டுவந்த டப்பாவுல இருந்து அந்த இம்மியை ஊத்தினாங்க. காலையில பார்க்காம அனுப்பிட்டோம், தப்பு எங்க மேலன்னு லூர்துகிட்டச் சொன்னாங்க. லூர்து கொஞ்ச நேரம் ரெண்டு பேரையும் மாத்தி மாத்திப் பார்த்தாரு. அப்புறம் மகள் நிக்கற பக்கம் பார்த்தாரு. வண்டியில ஏறினாரு.

வண்டி போற வரைக்கும் நாச்சிமுத்து கன்னத்துல இருந்த ஆயிலைத் தொடைக்கலை.

இறங்கறப்ப, நாலாவது வளைவு தாண்டினதும் கேட்டாரு.

"குழாயே வேண்டாம்னு வெச்சுரலாங்களா மேஸ்திரி?"

"எதுக்குங்ணா? நல்ல சாமான்னு அன்னைக்கே சொன்னனே."

பட்டறைக்கு வந்ததும் நாச்சிமுத்து நேரா அபுதாகிர்கிட்டப் போய், அது என் குரல்னு சொன்னாரு. அபுதாகிர் கையில இருந்த ஸ்பேனரைத் துணியில தொடைச்சாரு. தொடைச்சதையே மறுபடி தொடைச்சாரு.

"அப்ப இனிமே அக்கா சொன்னாக்கூட நான் ஒருக்கா எட்டிப் பாக்கணும். இல்லீங்களாண்ணா?"

அன்னைக்கு முழுக்க அபுதாகிர் அவருகூடப் பேசலை. மறுநாளும் வேலைப் பேச்சு மட்டுந்தான். வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போயிட்டு வந்தவரு, வாங்கிட்டு வந்த வடைப் பொட்டலத்தைப் பிரிச்சு ரெண்டு பேருக்கும் நடுவுல வெச்சாரு. நாச்சிமுத்து ஒண்ணு எடுத்துக்கிட்டாரு.

பத்து நாள் போச்சு. அதுக்குள்ள இன்னும் ரெண்டு வண்டிக்குக் குழாய் போட்டாரு. ரெண்டு தடவையும் பூட்டியாச்சுன்னு சொல்லிட்டுக் குழிக்குள்ளயே நின்னாரு, யாராவது இறங்கற வரைக்கும். ஒரு தடவை மேஸ்திரி சாப்பாட்டுல இருந்தாங்க, அபுதாகிர் போன்ல இருந்தாரு. கொசு கடிச்சுது. நின்னாரு.

பட்டறையில மட்டும் சத்தம் குறைஞ்சுபோச்சு. எருமை கன்னு போடலை. டீசல் வண்டி விக்கலை.

சனிக்கிழமை டீ நேரத்துல லேத்துக்காரர் திருமூர்த்தி வந்து உக்காந்தாரு. அவருக்கு மலைக் கதை ஒண்ணும் தெரியாது. என்னங்க நாச்சிமுத்து, ஊமைக்கோட்டான் மாதிரி உக்காந்திருக்கறீங்க, அந்த மேஸ்திரி குரலைப் போடுங்க, கேட்டு எத்தனை நாளாச்சுன்னாரு. நாச்சிமுத்து வேண்டாம்னாரு. திருமூர்த்தி விடலை. பழைய மூடுக்கு வரணும்னா ஒரு தடவை போட்டுரணும், சும்மா போடுங்கன்னு தொடையைத் தட்டினாரு. அபுதாகிர் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. மேஸ்திரி கொட்டகைக் கடைசியில, இவங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு ஒரு பிரேக் டிரம்மைத் தேய்ச்சுக்கிட்டு இருந்தாங்க.

நாச்சிமுத்து டம்ளரைக் கீழ வெச்சாரு. தொண்டையைச் செருமினாரு.

"பூட்டியாச்சு."

அது தன் குரல். அப்புறம் வாயை மூடிக்கிட்டாரு.

திருமூர்த்தி சிரிக்கறதுக்கு ரெடியா உதட்டைப் பிரிச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தாரு. பஸ் ஒண்ணு போச்சு. தென்னையில இருந்து ஒரு காய்ஞ்ச மட்டை விழுந்துச்சு. டீயில ஆடை கட்டுச்சு. திருமூர்த்தியோட உதடு தானா மூடிக்கிச்சு. அபுதாகிர், தெரியாமத்தான், தலையைத் திருப்பிக் குழிப் பக்கம் எட்டிப் பார்த்தாரு.

"அப்புறம்?"ன்னாரு திருமூர்த்தி.

நாச்சிமுத்து வாயைத் தொறக்கலை.

கொட்டகைக் கடைசியில டிரம் தேய்க்கற சத்தம் நின்னுச்சு. மேஸ்திரி திரும்பலை.

"அன்னைக்கு விட்டுப்போனதும் சேர்ந்து, இப்பத்தானுங்ணா சரியா வந்திருக்குது."